கைதட்டினால்தான் ஓடவேண்டும்

பித்தளை விசிலுக்கு ஒரு ருசி உண்டு. புளி போட்டுத் துலக்காத செம்பில் தண்ணீர் குடித்ததுபோல் நாக்கு நுனியில் ஒரு கசப்பு ஏறும். நான் சொல்லுகிற விசிலில் அந்தக் கசப்போடு கிராம்பின் காரமும் ஒட்டிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அதற்கு உடைமைக்காரியான பாக்கியம் டீச்சருக்குத் தீராத பல்வலி, எந்நேரமும் கடைவாயில் ஒரு கிராம்பை அதக்கிக்கொண்டே இருப்பார். விசிலின் வயிற்றுக்குள் பட்டாணி அளவில் ஒரு தக்கை உருண்டை கிடக்கும். ஊதினால் அது உள்ளே துள்ளும், சத்தம் நடுங்கிக்கொண்டே வெளியே வரும். எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, காதும் பாதி மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே "என்னது?" என்று இரண்டாம் தரம் கேட்கிறவள். ஆனால் அந்த நடுங்கும் சத்தம் மாத்திரம் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் எனக்குக் கேட்டுவிடுகிறது.

என் தம்பி சங்கு அந்தச் சத்தத்துக்குக் கட்டுப்பட்டு நின்றதால் செத்துப்போனான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இழுத்து இழுத்துக் கொண்டுபோய்க் கடைசியில் போட்டு உடைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவனுக்கு அப்போது ஆறு வயது, எனக்கு ஏழு. பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப வேண்டாம், தம்பிக்குத் துணையாகப் போகட்டும் என்று என்னை ஒரு வருஷம் வீட்டில் வைத்திருந்து அவனோடு சேர்த்து அனுப்பியதால் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தைய தென்காசி அது.

பள்ளிக்கூடம் தெற்கு ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது. ஓலைக்கூரை, சாணம் மெழுகிய தரை, பின்பக்கம் வேப்பமரம் நின்ற ஒரு பொட்டல். எங்கள் வகுப்பை "மண் வகுப்பு" என்பார்கள். சிலேட்டு கைக்கு வருகிற வரையில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதுவோம். எழுதாத நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு வாயில் விரலை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நல்ல பிள்ளை என்றால் அசையாத பிள்ளை. விருந்தாளி வந்திருக்கும்போது ஒரு குழந்தை மூலையில் மரப்பாச்சியைப்போல் கிடந்தால் "என்ன அடக்கமான பிள்ளை, இருக்க இடமே தெரியலியே" என்று மெச்சுவார்கள். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்குமோ என்று ஒருவரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்குப் பாளையங்கோட்டையில் டிரெயினிங் முடித்துவிட்டு வந்து சேர்ந்தார் பாக்கியம் டீச்சர். கரிசல்காட்டுக்காரி, ஒடிசலான உடம்பு, கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் அந்த விசில். வந்த முதல் வாரத்திலேயே எங்களைப் பொட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய வகுப்புப் பையன்களுக்கு "டிரில்" என்று ஒன்று உண்டு, கையை முன்னால் நீட்டு, மேலே தூக்கு, கீழே போடு, அவ்வளவுதான். இவர் சொல்லிக்கொடுத்தது வேறு. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவரே முதலில் செய்து காட்டுவார். தவளையாகக் குந்தித் தாவவேண்டும். நண்டாகப் பக்கவாட்டில் நடக்கவேண்டும். ஒரு கையைத் துதிக்கையாகத் தொங்கவிட்டு, பாதத்தை முழுசாக ஊன்றி, யானையாக அசைந்து வரவேண்டும். கொக்காக ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். பாம்பாக வயிற்றால் ஊரவேண்டும். குதிரையாக ஓடும்போது முழங்கால் மேலே வரவேண்டும், குதிகால் மண்ணைத் தொடக்கூடாது.

"பாம்புன்னா வயிறு, தவளைன்னா தொடை, கொக்குன்னா கணுக்காலு. அம்புட்டும் உங்க உடம்புதான் பிள்ளையளா, ஒரு இடத்தையும் சும்மா விடக்கூடாது" என்பார்.

ஊர் சும்மா இருக்குமா? பொட்டலைத் தாண்டித்தான் பெண்கள் தண்ணீருக்குப் போவார்கள். குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்று பார்ப்பார்கள். "பொட்டப்பிள்ளையளப் போட்டு மண்ணுல ஊர விடுதாளே, நாளைக்கு எவன் கெட்டுவான்?" என்று ஒருத்தி. "எளுத்துப் படிக்க அனுப்புனா குரங்கு வித்தை காட்டுதா" என்று இன்னொருத்தி. எனக்கோ, வீட்டில் குனிந்து நட, குதிக்காதே, காலை அகட்டாதே என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காதுகள்; அந்தப் பொட்டலில் வயிற்றால் ஊர்ந்துவிட்டு, பாவாடை முழுக்கப் புழுதியோடு எழுந்திருக்கும்போது கிடைத்த சந்தோஷம் பிற்பாடு எந்தப் பட்டுப் புடவையிலும் கிடைத்ததில்லை.

சங்குவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. அவன் பிறந்ததே ஓடுவதற்கு. சாப்பிடும்போதும் நிற்க மாட்டான். அம்மா கையில் சோற்றை உருட்டிக்கொண்டு முற்றம், புறவாசல், தொழுவம் என்று பின்னாலேயே போவாள். தூங்கும்போதும் கால் உதைக்கும். ஒரு தரம் தெப்பக்குளத்துப் படியில் ஓடிச் சறுக்கி நெற்றியைப் பிளந்துகொண்டான், ஒரு தரம் கல் உரலில் இடித்துப் பல்லை உடைத்துக்கொண்டான், அடுப்பில் இருந்த உலைப்பானையில் விழாமல் ஒரு தரம் மயிரிழையில் தப்பினான். அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா, காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். அத்தனையும் அம்மா தலையில். எங்களுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளைப் பேதியில் பறிகொடுத்தவள் அவள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி "ஏலே சங்கு!" என்று ஒரு கத்துக் கத்துவாள். அந்தக் கத்தலில் கோபம் கொஞ்சம்தான், மீதி அத்தனையும் பயம்.

இவனுக்கு டீச்சர் மேலும் கால் முளைக்க வைக்கிறார் என்று தெரிந்ததும் அம்மா ஒரு நாள் மத்தியானம் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தபோது பொட்டலிலேயே அவரை மடக்கினாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டது இதுதான்:

"டீச்சரம்மா, ஆடுததுக்கும் ஓடுததுக்கும் இம்புட்டு சொல்லிக் குடுக்கிய. நிக்கதுக்கும் ஒண்ணு சொல்லிக் குடுத்துருங்க. எம் பிள்ளைக்கு நிக்கத் தெரியலம்மா. என்னைக்கு எவன் வண்டியில போய் விளுவானோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்குது."

டீச்சர் சிரிக்கவில்லை. கிராம்பைக் கடைவாயின் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டார். "நிக்கதும் ஒரு அசைவுதாம்மா. சொல்லிக் குடுத்திருதேன்" என்றார்.

அப்படி வந்ததுதான் "கல்லு" விளையாட்டு. நாங்கள் தவளையாகவோ குதிரையாகவோ பொட்டல் முழுக்கச் சிதறிக் கிடக்கும்போது டீச்சர் விசிலை ஊதுவார். ஊதியதும் எந்த நிலையில் இருக்கிறோமோ அந்த நிலையில் கல்லாகிவிட வேண்டும். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டக்கூடாது. மறுபடி டீச்சர் கைதட்டினால்தான் உயிர் வரும், அப்போதுதான் ஓடலாம். முதலில் பிள்ளைகள் கெக்கே பிக்கே என்று சிரித்துக் குலைந்துபோவார்கள். நாளாக ஆக எல்லாருக்கும் பழகிவிட்டது. பழகிய பிறகு டீச்சர் சோதிக்க ஆரம்பித்தார். விசிலை ஊதிவிட்டு, "ஓடுங்க, மாடு வருது! ஓடுங்க, மழை வருது!" என்று வாயால் பொய்க்கூச்சல் போடுவார். நம்பி ஓடியவன் தோற்றான். வேப்பமரத்தடியில் போய் உட்காரவேண்டியதுதான். வாய் என்ன சொன்னாலும் நம்பக்கூடாது, கைதட்டலுக்குத்தான் அசையவேண்டும் என்பது விளையாட்டின் சட்டம். அந்தச் சட்டத்தை நாங்கள் வாய்ப்பாட்டைவிட நன்றாகப் படித்தோம்.

சங்குதான் அதில் கடைசியாகத் தேறினான், தேறிய பிறகு அவனை மிஞ்ச ஆளில்லை. நிற்கத் தெரியாத பிள்ளைக்கு நிற்பது ஒரு அதிசயமாகப் போய்விட்டது. ஒற்றைக் காலைத் தூக்கியபடி, வாய் திறந்தபடி, கண்மணிகூட அசையாமல் நிற்பான். வீட்டிலும் வந்து, "ஏக்கா, வாயால விசில் அடி, நான் கல்லாயிக் காட்டுதேன்" என்று நச்சரிப்பான். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவன் கல்லாக நிற்கிற அழகைக் கண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

எங்கள் கோயில் வாசலில் காற்று அடிக்கிற விதம் தென்காசிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. அப்போது கோபுரம் உச்சியில்லாமல் இரண்டாகப் பிளந்து மொட்டையாக நின்றது; அந்த வாசலில் நுழைந்தால் மேற்கேயிருந்து மலைக்காற்று மார்பில் கைவைத்துத் தள்ளும், சாரல் காலத்தில் பெரிய ஆளையே தள்ளாட வைக்கும். டீச்சருக்கு அது ஒரு புதையல். ஆனி மாதத்தில் ஒரு காலையில் எங்களை அங்கே கூட்டிப்போய், காற்றை எதிர்த்து நடப்பது எப்படி, உடம்பை எங்கே சாய்ப்பது, காற்றே முதுகில் தள்ளும்போது காலை எப்படி ஊன்றுவது என்று சொல்லிக்கொடுத்தார். சங்குவுக்குப் பித்தேறிவிட்டது. காற்று முதுகில் தள்ள, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வாசலை விட்டு வெளியே பாய்ந்தான். தெருவில் செங்கோட்டையிலிருந்து மோட்டார் பஸ் வந்துகொண்டிருந்தது.

டீச்சர் ஊதினார். சங்கு நின்றான். கைகளை விரித்தபடி, ஒரு கால் முன்னே வைத்தபடி நின்றான். பஸ்ஸின் சக்கரம் அவன் கட்டைவிரலுக்கு முன்னால் புழுதியை இறைத்துவிட்டுப் போனது. டீச்சர் போய் அவன் முன்னால் நின்று கைதட்டும் வரையில் அவன் அசையவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. குரங்கு வித்தை என்று சொன்ன அதே வாய்கள், "நம்ம பிள்ளையளுக்கும் அந்தக் கல்லச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்பின. பள்ளிக்கூடத்து மானேஜர் நேரில் வந்து, நாங்கள் அத்தனை பேரும் விசிலுக்கு உறைந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "மத்த ஆட்டமெல்லாம் கெடக்கட்டும், இதுதான் படிப்பு" என்று தலையாட்டினார். அம்மா டீச்சருக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம் செய்து கொடுத்தனுப்பினாள். எமன் வாயிலிருந்து பிள்ளையைப் பிடுங்கித் தந்தவர் என்று தெருவெல்லாம் சொன்னாள். உண்மையும் அதுதான், இன்றைக்கும் நான் அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆடி பிறந்ததும் குற்றாலத்துக்குப் போவதென்று ஏற்பாடாயிற்று. இரண்டு மாட்டுவண்டி, பிள்ளைகளோடு சில தாய்மார்கள், புளியோதரைச் சட்டிகள், நல்லெண்ணெய்த் தூக்கு. அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்காமல் தண்ணீரில் இறங்குகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. பேரருவிக்குக் கீழே பாறைமேல் எங்களை வரிசையாக உட்காரவைத்து, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை சூடு பறக்கத் தேய்த்தார்கள். சங்குவுக்கு அம்மா தேய்த்தாள். நெளிந்து நெளிந்து ஓடப்பார்த்தவனை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கை கால் முதுகு என்று ஒரு இடம் விடாமல், வழிய வழிய.

அருவியடியில் எங்களை விடவில்லை. கீழே ஆறாக விரிந்து பாறைகளுக்கிடையில் ஓடுகிற இடத்தில் பிள்ளைகளுக்கு முழங்காலளவு தண்ணீர். அருவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த பாக்கியம் டீச்சர், வழுக்குப் பாறையில் நண்டு நடைதான் நல்லது என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். எல்லாரும் நண்டானோம். பிறகு சிலர் தவளையானோம், சிலர் கொக்கானார்கள். டீச்சர் கரையை ஒட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாரல் காலத்தில் அருவியில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருப்பார்கள். மலைக்குள் பெருமழை பெய்து தண்ணீரின் நிறம் மாறி, இலையும் சுள்ளியும் வர ஆரம்பித்தால், அவர் விசில் ஊதிக் குளிக்கிறவர்களைக் கரையேற்றுவார். விசில் கேட்டதும் எல்லாரும் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடவேண்டும். இது எங்கள் ஊரில் கைப்பிள்ளை வைத்திருக்கிறவளுக்குக்கூடத் தெரியும். கரிசல்காட்டிலிருந்து வந்த டீச்சருக்குத் தெரியாது, தெரிய நியாயமும் இல்லை. ஆனால் அந்த வண்டிகளில் வந்த தாய்மார்களுக்குத் தெரியும், எங்களுக்குக் கல்லு விளையாட்டைப் படிப்பென்று பட்டம் கட்டிய மானேஜருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். இரண்டு விசில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் முதலில் வருகிறது, அழுகை அதற்குப் பிறகுதான்.

போலீஸ்காரர் ஊதினார். பெரியவர்கள் ஓடினார்கள். நாங்கள் கல்லானோம்.

நான் தவளையாகக் குந்தியிருந்தேன், முகம் கரையைப் பார்த்து. தண்ணீர் செம்மண் நிறமாக மாறி என் மார்பில் ஏறுவது தெரிந்தது. விசில் விடாமல் கேட்டது; ஊத ஊத நாங்கள் இன்னும் இறுகினோம். டீச்சர் கரையிலிருந்து "ஓடி வாங்க! வெளிய வாங்க!" என்று கத்தினார். அருவிச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு டீச்சர் எவ்வளவு நன்றாக நடிக்கிறார், நான் ஏமாற மாட்டேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் குந்தியிருந்த பெண்ணும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

டீச்சருக்கு அந்த நொடியில் விளங்கியிருக்கவேண்டும். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கத்துவதை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினார். சத்தம் கேட்கவில்லை, ஆனால் கரையைப் பார்த்து நின்ற எங்களுக்குக் கை தெரிந்தது. உயிர் வந்தது. ஓடினோம், விழுந்தோம், யார் யாரோ தலைமயிரையும் பாவாடையையும் பிடித்து இழுத்துப் போட்டார்கள். எல்லாரும் ஏறிவிட்டோம், ஒருவனைத் தவிர.

சங்கு அருவியைப் பார்த்துத் திரும்பி நின்றான். கொக்காக ஒற்றைக் காலில் நின்றான். முதுகில் எண்ணெய் மினுங்கியது. அம்மா பாறையிலிருந்து "சங்கு, ஓடியாலே! ஐயா, ஓடியாலே!" என்று அலறினாள். அவன் பிறந்த நாளிலிருந்து ஓடாதே ஓடாதே என்று கத்திய அதே தொண்டை. அவன் அசையவில்லை. வாய் சொல்வதை நம்பக்கூடாது என்பதுதானே சட்டம், அவன் சட்டத்தைக் காப்பாற்றினான். அன்றைக்குப்போல் அவன் என்றைக்கும் அசையாமல் நின்றதில்லை.

டீச்சர் இடுப்பளவு தண்ணீரில் அவனை எட்டிவிட்டார். மேல்கையைப் பிடித்தார். நான் பார்த்தேன், நன்றாகத்தான் பிடித்தார். எண்ணெய்க் கை. உருவிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார், அதுவும் வழுக்கியது. அதற்குள் மேலேயிருந்து சுவர்போலத் தண்ணீர் வந்தது. டீச்சரை ஒரு வேர் தடுத்துப் போட்டது, வண்டிக்காரர் துண்டை வீசி இழுத்தார். தம்பியை எதுவும் தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கிடைத்தான். ஆறு எங்கள் ஊர்ப்பக்கமாகத்தான் வருகிறது. தென்காசிக்குச் சமீபத்தில், கரை நாணலுக்குள், வீட்டுக்குப் பாதி வழிக்கு மேல் அவனே வந்து சேர்ந்திருந்தான். அப்பா போய்த் தூக்கிவந்தார். உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கு போகவே இல்லையாம். அதை அம்மாவிடம் யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லாமல் விடுவார்களா?

ஊர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதிரசம் கொடுத்தனுப்பிய தெருவே மண்ணை வாரித் தூற்றியது. "அப்பமே சொன்னோம்லா, பிள்ளையளப் போட்டு ஆட்டிவச்சா இப்படித்தான் ஆகும்" என்றார்கள். பிள்ளை ஆடியதால் சாகவில்லை, அசையாமல் நின்றதால் செத்தான் என்பதைக் கண்ணால் பார்த்தவர்களே மறந்துவிட்டார்கள். மானேஜர் டீச்சரை நிறுத்திவிட்டார். அதோடு, இனிமேல் மண் வகுப்புப் பிள்ளைகள் பொட்டலுக்கே போகக்கூடாது, கையைக் கட்டி வாயில் விரல் வைத்து உட்காரவேண்டும் என்று உத்தரவாயிற்று. நின்று செத்த பிள்ளைக்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த மருந்து, மற்ற பிள்ளைகளையும் அசையாமல் உட்காரவைப்பது. எனக்குப் பின்னால் வந்த எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பொட்டலைச் சன்னல் வழியாக மாத்திரம் பார்த்து வளர்ந்தார்கள்.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் முற்பகலில் பாக்கியம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரைவிட்டுப் போகிற அன்றைக்குத்தான். நடைக்கு உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார். கை இரண்டிலும் பாறை கிழித்த காயம் ஆறாமல் இருந்தது. துக்கத்துக்கு வந்திருந்த அத்தை உள்ளேயிருந்து "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்திருக்கா, சவத்து மூதி" என்று இரைந்தாள். அம்மா எழுந்து போனாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அம்மா காலடியில் வைத்தார். குனிந்தபடியே அழுதார்.

"எண்ணெ தேச்சது நானு" என்றாள் அம்மா. "நிக்கச் சொல்லிக் குடுங்கன்னு உங்ககிட்ட வந்து கேட்டதும் நானு. நீங்க ஏன் அளுதிய?"

இரண்டு பேரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு அம்மா என்னைக் காட்டிக் கேட்டாள்: "இவ இன்னமும் விசில் கேட்டா நிக்கா டீச்சரம்மா. நேத்து ரோட்டுல போலீஸ்காரன் ஊதுதான், இவ நட்டநடுத் தெருவுல கல்லா நிக்கா. இத எப்படி மறக்கடிக்க?"

"மறக்கடிக்க முடியாதும்மா" என்றார் டீச்சர். "உடம்பு படிச்சது அளியாது. அதுக்கு மேல வேற ஒண்ணைப் போட்டு ஏத்தணும். தெனமும் ஏத்தணும்."

அவர் போன மறுநாளே அம்மா தொடங்கினாள். பொழுது சாய்கிற நேரத்தில் என்னைப் புறவாசலில் நிறுத்தி, விசிலை வாயில் வைத்து ஊதுவாள். பழக்கமில்லாத வாய், பாதி எச்சில், பாதிக் காற்று. என் கால் உறையும். உடனே "ஓடுட்டி! ஓடு!" என்று கத்துவாள், முதுகில் கைவைத்துத் தள்ளுவாள். கிணற்றைச் சுற்றி, தொழுவத்தைச் சுற்றி ஓடவேண்டும். நான் ஓடி முடித்ததும் என்னிடம் விசிலைக் கொடுத்து ஊதச் சொல்லி அவளும் ஓடுவாள், கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கிராம்பின் காரத்தை என் நாக்கு அப்படித்தான் தெரிந்துகொண்டது. பிறகு பிறந்த என் தங்கைக்கும் கடைசித் தம்பிக்கும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அதுதான் பாடம். அக்கம்பக்கத்தார், "பிள்ளையப் பறிகுடுத்து புத்தி பேதலிச்சிட்டு, பாவம்" என்றார்கள். அப்பாகூட ஒரு நாள், "போதும், விடு" என்றார். "அவன் போனது போதும். இதுகளாச்சும் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊதினாள். தெருவில் அடக்கமில்லாத பிள்ளைகள் என்று பெயர் எடுத்தது நாங்கள்தான். ஒரு வேகமும் குறையாமல் ஓடுகிற பிள்ளைகளை வளர்த்ததற்காக எங்கள் அம்மாவை ஒருவரும் ஒருநாளும் மெச்சியதில்லை.

பள்ளிக்கூடம் இருந்த சந்தில் இப்போது ஜவுளிக்கடையின் பின்சுவர் நிற்கிறது. பொட்டலும் இல்லை, வேப்பமரமும் இல்லை. கோபுரத்தை உச்சிவரை கட்டிவிட்டார்கள், காற்று மாத்திரம் அப்படியே தள்ளுகிறது. குற்றாலத்தில் இரும்புக் கம்பி போட்டு, ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். காவலர் விசில் ஊதினால் பிள்ளைகள் சடசடவென்று ஓடிவருவதைப் பார்க்கலாம், நான் ஒரே ஒரு தரம் போய்ப் பார்த்தேன். பாக்கியம் டீச்சர் எங்கே போனார், எப்படி இருந்தார் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த விசிலும் வீடு மாறுகிறபோது எங்கோ போய்விட்டது.

அம்மா கடைசிக் காலத்தில் படுக்கையோடு கிடந்தாள். பேர் மறந்துபோயிற்று, ஆளும் மறந்துபோயிற்று. என்னையே "யாரும்மா?" என்று கேட்டாள். ஆனால் தெருவில் விசில் சத்தம் வந்தால் போர்வைக்குள் அவள் கால் இரண்டும் உதறும், "ஓடுலே, ஐயா, ஓடுலே" என்று உதடு சொல்லும். படுக்கையில் கிடந்த நாளில் எனக்குச் சொல்கிற ஓடுட்டி ஒருநாளும் வந்ததில்லை, அவனுக்குச் சொல்கிற ஓடுலேதான்.

என் வீட்டுக்கு எதிரே இப்போது ஒரு குழந்தைகள் பள்ளி வந்திருக்கிறது. சன்னலில் இருந்து பார்த்தால் முற்றம் தெரியும். சின்னஞ்சிறுசுகள் தவளையாகத் தாவுகின்றன, யானையாக அசைகின்றன. யாரும் குரங்கு வித்தை என்று சொல்வதில்லை, பெற்றவர்கள் மதிலுக்கு வெளியே நின்று படம் பிடிக்கிறார்கள். திடீரென்று அந்த டீச்சர் விசிலை ஊதுகிறாள். முற்றம் முழுக்கப் பிள்ளைகள் உறைந்து நிற்கிறார்கள். நானும் சன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறேன். விசிலுக்கு மேல் ஓடு என்று சொல்ல அம்மா இல்லை. நானேதான் எனக்குள் சொல்லிக்கொள்ளவேண்டியிருக்கிறது. சொன்ன பிறகுதான் கால் எழும்புகிறது.